மட்டமாக வெட்டிய புல்

தேயிலைத் தோட்டச் சங்கத்தின் செயலாளர் மாயழகு மலைமேல் இருந்த மடத்துக்கு வந்தபோது அவரிடம் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. தோட்டத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. நியாயம் வரத் தாமதமாகும். தடை உடனே வந்துவிடும்.

மழைக்கு முன்னால் தோட்டத்துக்குள்ளேயே பேச்சுவார்த்தை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தது நிர்வாகம். எதிர்த்துப் பேச அவர்களில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். யாரும் நிற்காவிட்டால் வீடுகள் போய்விடும்.

யாரும் முன்வரவில்லை. கூட்டத்தில் கை வலிக்கத் தட்டியவர்கள் இப்போது செயலாளரைப் பார்த்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள்.

மடத்தை நடத்தி வந்தவர் பூரணத்தம்மாள். மாயழகைவிட வயதில் இளையவர். அவர்முன் உட்கார்ந்து மாயழகு கேட்டார்.

"இருபது வருஷமா நான் வளர்த்த சங்கம் அம்மா. இன்னைக்கு ஒருத்தன் எழுந்து நிக்க மாட்டேங்கிறான். ஏன்?"

"இங்கே தங்குறவங்க வேலை செய்யணும். பின்னால சரிவில புல் விதைச்சிருக்கு. கிழக்குப் பாதியை நீங்க பாத்துக்குங்க. மேற்குப் பாதி என்னோடது."

"நான் கேட்டது வேற."

"மழைக்கு முன்னாடி அது மண்ணைப் பிடிச்சாகணும். கீழேதான் உங்க லயம் இருக்கு."

விதைப் பையில் டால் ஃபெஸ்க்யூ என்று அச்சிட்டிருந்தது. மடத்தில் அதை உயரப்புல் என்றார்கள். குளிர்ந்த இடத்தில் நன்றாக வரும். அருகம்புல்லைப் போலத் தரையில் ஓடாது. கொத்துக் கொத்தாக நின்ற இடத்திலேயே நிற்கும்.

மாயழகு எதையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல. காலையும் மாலையும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார். ஒரு கொத்து மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்தால் அவருக்குப் பொறுக்காது. அரிவாளை எடுத்து மண்ணை ஒட்டி அறுத்துவிடுவார். கிழக்குப் பாதி இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

பூரணத்தம்மாள் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர் விட்டார். அன்றைக்கு மண் குடித்துத் தீரும்வரை விட்டார். வெட்டும்போது நாலு விரல் உயரத்துக்குக் குறையாமல் விட்டு நுனியை மட்டும் எடுத்தார். மேற்குப் பாதி கலைந்த தலைபோல் இருந்தது. மாயழகுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

பேச்சுவார்த்தைக்கு முந்திய நாள். கிழக்குப் பாதி மஞ்சளடித்துக் கிடந்தது. மேற்குப் பாதி பச்சையாக நின்றது. மாயழகு பூரணத்தம்மாளைக் கையோடு அழைத்து வந்து காட்டினார்.

"விதை மோசம் அம்மா."

"ரெண்டு பக்கமும் ஒரே பைதான்."

"அப்போ மண்."

"ஒரே சரிவு."

"அப்போ எவனோ வேணும்னே செஞ்சிருக்கான்."

பூரணத்தம்மாள் சிரித்துவிட்டார். "தோட்டக் கம்பெனிக்காரன் வந்து வெந்நீர் ஊத்திட்டுப் போனானா?"

"சொல்ல முடியாது. செய்யக்கூடியவங்கதான்."

"உங்க பக்கத்துல ஒரு கொத்தைப் பிடுங்குங்க."

இரண்டு விரலால் இழுத்தார். தொப்பியைக் கழற்றுவதுபோல் வந்துவிட்டது.

"இப்போ என் பக்கத்துல."

ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். கால் சறுக்கி மண்ணில் உட்கார்ந்தார். புல் அப்படியே நின்றது.

"புரியல அம்மா. தினம் ரெண்டு வேளை தண்ணி விட்டேனே?"

"மேலேயே கிடைச்சா வேர் எதுக்குக் கீழே போகும்?"

"அப்போ ஜனங்களைக் காயப்போடச் சொல்றீங்களா? கம்பெனியும் அதைத்தானே சொல்லுது?"

"நான் புல்லைச் சொன்னேன்."

"சரி, வெட்டினது? தலைதூக்கினதை வெட்டினது தப்பா? எல்லாம் சமமா இருக்கணும்னுதானே இத்தனை காலம் போராடினேன்?"

"சமமா இருக்கட்டும். எந்த உயரத்துல சமம்?"

மாயழகு எழுத்துக் கூட்டக் கற்றதே துண்டுப் பிரசுரங்களில்தான். அவற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலேயே பதில் இருக்கும். இங்கே கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. ஒட்டிய மண்ணைத் தட்டவும் மறந்து நின்றார்.

அப்போது கீழேயிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். லயத்தில் குடியிருக்கும் சடச்சி. கொழுந்து பறிப்பவள்.

"அண்ணே, நாளைக்கு நான் பேசட்டுமா?"

"நீயா? உன் வீட்டுக்காரன் எங்கே?"

"கட்டிலுக்கு அடியில. வயித்துவலியாம். நாளைக்குச் சாயங்காலம் சரியாயிடுமாம்."

பூரணத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மாயழகு சிரிக்கவில்லை.

"என்ன பேசுவே? சொல்லு பார்ப்போம்."

சடச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். குரல் சரிவெல்லாம் கேட்டது.

"எம் பிள்ளைங்க மூணும் அந்த வீட்டுலதான் பொறந்துச்சு துரை. எங்க மாமியாரை அந்த வாசல்லதான் கிடத்தினோம் துரை. நீங்க வந்து ஒரு வருஷம் ஆகல..."

"நிறுத்து. துரைன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வெள்ளைக்காரன் போயாச்சு. நிர்வாகம்னு சொல்லு."

"சரிண்ணே. நிர்வாகம்..."

"ம். அப்புறம்?"

சடச்சி கையைப் பிசைந்தாள். "நிர்வாகம் வந்து... அண்ணே, மறந்துபோச்சு."

மாயழகு பூரணத்தம்மாள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? போன கூட்டத்திலயும் இப்படித்தான் எழுந்தா. உட்காரச் சொல்லிட்டேன்."

பூரணத்தம்மாள் சடச்சியின் தோளைத் தொட்டார். "நீ போம்மா. நாளைக்குப் பேசு."

"எப்படிப் பேசட்டும்?"

"முதல்ல பேசினியே, அப்படி."

சடச்சி செயலாளரின் முகத்தைப் பார்த்தாள். அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

"அம்மா, அவ தப்பும் தவறுமாப் பேசுவா. ஒரு வார்த்தை பிசகினாலும் அத்தனை வீடும் போயிடும்."

"போகலாம்."

"நான் போயிருந்தா ஒரு தப்பு வந்திருக்காது."

"ஆமா. இருபது வருஷமும் நீங்களேதான் பேசினீங்க, ஒரு தப்பும் இல்லாம, செயலாளரே."