ஆமை புகுந்த வீட்டில் நடந்தது

அந்தக் காலத்தில் ஊர்வனவும் பறப்பனவும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. அப்போது ஆற்றோரப் பட்டணம் ஒன்றின் மடுவில் ஓர் ஆமை இருந்தது. கரையில் முதல் வீடு சாயக்காரி மாணிக்கவல்லியுடையது. அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் தினமும் மடுவில் பொரி போடுவார்கள். அவர்கள்மேல் ஆமைக்குக் கொள்ளைப் பிரியம்.

ஆடி மாதம். உச்சி வெயில் கொளுத்தியது. திடீரென்று மேற்கிலிருந்து நீர்நாய் ஒன்று அம்பாகப் பாய்ந்து வந்தது.

“மலையில பேய்மழை! ஏரிக்கரை உடைஞ்சு போச்சு! வெள்ளம் பின்னாலேயே வருது!”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கொக்குகள் பறந்தன. மடுவின் அடியில் ஆமைக்கு ஒரு பாறைப்பொந்து உண்டு. அதற்குள் ஒண்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளைகள்?

ஆமை கரையேறியது. பிறந்ததிலிருந்து ஓடியறியாத ஆமை அன்று ஓடியது! மணல் சுட்டது. படித்துறையில் பாதி ஏறி, உருண்டு விழுந்து, மறுபடி ஏறியது. மூச்சிரைக்க வாசலைத் தாண்டிச் சாயத் தொட்டிகளுக்கு நடுவே போய் நின்றது.

“தாயி! பிள்ளைகளைத் தூக்கு! வெள்ளம் வருது!”

கையில் நீலச் சாயம் சொட்டத் திரும்பிய மாணிக்கவல்லி சிரித்துவிட்டாள். “வெயில்ல மூளை கலங்கிப் போச்சா உனக்கு? பொட்டு மழை இல்ல, வெள்ளமாம்!”

“மலையில பெஞ்சிருக்கு தாயி. என்னை நம்ப வேண்டாம், கொல்லையில போய் ஆத்தைப் பாரு!”

போய்ப் பார்த்தாள். காலையில் தெளிந்து கிடந்த ஆறு செம்மண் குழம்பாக ஏறிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் யார் வீட்டுக் கூரையோ முழுசாக மிதந்து வந்தது. அதன்மேல் ஒரு கோழி நின்றது.

அவ்வளவுதான்! இடுப்புக்கு ஒன்றாகப் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு, “வெள்ளம்! குன்றுக்கு ஓடுங்க!” என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டு ஓடினாள். கேட்டவர்களெல்லாம் போட்டது போட்டபடி ஓடினார்கள். கடைசி ஆள் குன்றில் கால் வைக்கவும், மேற்கே இடிபோல உறுமல் கேட்கவும் சரியாக இருந்தது. மாணிக்கவல்லியின் வீடு முதலில் சரிந்தது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

எதிர்க்கரை மேட்டில், மாடி வீட்டில், மண்டிக்காரர் அம்பலவாணர் இருந்தார். அன்று உச்சியில் ஆமை மாணிக்கவல்லி வீட்டுக்குள் நுழைவதை அவர் பார்த்தார். அந்நேரம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், உள்ளே போனார். உறுமல் கேட்டு எச்சில் கையோடு ஓடிவந்து பார்த்தால், வீட்டைக் காணோம்!

வெள்ளம் வடிந்ததும் சந்தையில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. “ஆமை புகுந்துச்சு, வீடு போச்சு! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

அவர் சொன்னதில் பொய் கிடையாது. நடுவில் நடந்ததுதான் இல்லை. அந்தப் பேச்சு சந்தையைத் தாண்டுவதற்குள் ஆமை ஒரு தெருவையே விழுங்கியிருந்தது. துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது ஏரிக்கரையை உடைத்ததே ஆமைதான் என்று ஆகியிருந்தது!

“இல்ல அண்ணாச்சி! அது வந்து சொன்னதாலதான் என் பிள்ளைங்க உசுரோட இருக்கு!” என்று மாணிக்கவல்லி கதறினாள். அன்று தெருக்காரர்கள் கேட்டது அவள் குரலை மட்டும்தான். ஆமை சொன்னது யாருக்கும் தெரியாது.

“பாவம், வீடு போன துக்கத்துல உளறுது” என்றது கூட்டம்.

இதொன்றும் அறியாத ஆமை பொந்திலிருந்து கரையேறி, பிள்ளைகளைத் தேடி, வீடிழந்தவர்கள் தங்கியிருந்த குன்றுக்கு வந்தது. “சௌக்கியமா தாயி?” என்று கழுத்தை நீட்டிக் கேட்டது.

கூட்டத்திலிருந்து வந்த முதல் கல் ஓட்டில் பட்டது. அடுத்த கல் தலைக்கு நேராக வந்தது. அதுவரை ஆமைக்குத் தலையை உள்ளே இழுக்கலாம் என்றே தெரியாது. சட்டென்று இழுத்துக்கொண்டது.

மாணிக்கவல்லி அதன்மேல் கவிழ்ந்து விழுந்து மறைத்தாள். முந்தானையில் பொதிந்து மடுவுக்குக் கொண்டுபோனாள். “நான்தான், வெளிய வா... ஒரு வார்த்தை பேசு” என்று கெஞ்சினாள். தலை வெளியே வரவில்லை. அப்படியே நீரில் விட்டாள்.

அன்று முதல்தான் மனித அரவம் கேட்டதும் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. நம்மிடம் சொல்ல வந்த சேதி எதுவானாலும், அதுவும் கூடவே உள்ளே போய்விடுகிறது.