முன்கதவில் பேரி இலைகள்

"வீட்டை இவ்வளவு அழகா வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரு அங்க தங்கவே மாட்டேங்கிறாரு. ஏன்?" என்று கேட்டார் கனகமணி டீச்சர்.

செபமாலை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கிறேன்."

செபமாலை மாவைத் திருப்பிப் போட்டாள். மறுபடி பிசைந்தாள்.

டீச்சருக்கு ஐம்பத்தொன்பது வயது. மலை ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டால் உடனே பதில் வந்தாக வேண்டும் என்ற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

செபமாலைக்கு முப்பத்து நான்கு. ஏரிக்கு மேல் ஒரு தகரக் கொட்டகையில் விறகு அடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறாள். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு தியான இல்லத்துச் சமையல்கட்டில் இருந்தாள். அங்கே வேலை நேரத்தில் பேசக் கூடாது என்பது விதி. வெளியே வந்த பிறகும் அந்த விதியை அவள் விடவில்லை.

ரொட்டி வாங்க வருகிறவர்கள் மனக்குறையையும் அவளிடம் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அவள் புத்திமதி சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் திரும்ப வந்தார்கள். குறுக்கே பேசாமல் கேட்கிறவர்கள் அந்த ஊரில் இரண்டே பேர். இன்னொருவருக்குக் காது கேட்காது.

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி ஒன்றைச் செபமாலை தாளில் சுற்றி டீச்சர் கையில் கொடுத்தாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

டீச்சர் நின்று பார்த்தார். வேறு எதுவும் வரவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார்.

"ரொட்டி எப்படி இருந்துச்சு, டீச்சர்?"

"ரொம்ப அழகா இருந்துச்சு."

ருசியைத்தான் செபமாலை கேட்டிருந்தாள்.

டீச்சர் உற்சாகமாக விவரித்தார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பின்னல் விரிப்பு. நடுவில் ரொட்டி. ஐப்பசிக் குளிரில் சிவந்து உதிர்ந்த பேரிக்காய் மரத்து இலைகள் அதைச் சுற்றி. இரண்டு பக்கமும் இலவங்கப்பட்டைக் குச்சி, நூல் கட்டி. படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பினாராம். இலையுதிர் காலத்தில் அங்கே வீடுகளை எப்படி அலங்கரிக்கிறார்கள் என்று மகள் முன்பு அனுப்பிய படங்களை விட இதுதான் நன்றாக வந்திருந்ததாம். மகளே சொன்னாளாம்.

"சார் என்ன சொன்னாரு?"

"ஒரு துண்டு வெட்டட்டுமான்னு கேட்டாரு. நாளைக்கு வெட்டலாம்னேன்."

"மறுநாள்?"

"மறுநாள் பாஸ்டரம்மா வர்றதா இருந்தாங்க. அவங்க பாக்கட்டுமேன்னு வச்சேன்."

மூன்றாம் நாள் ரொட்டியின் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்தது. டீச்சர் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் கோழிகள் தின்றன.

செபமாலை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டீச்சர் கோபித்துக்கொண்டு போயிருப்பார். கதையும் அதோடு முடிந்திருக்கும்.

"எனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடு," என்றார் டீச்சர். "வீடு பூரா வாசனையா இருந்தா அவரு எங்கேயும் போக மாட்டாரு."

செபமாலை கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாவு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

டீச்சர் தினமும் காலையில் வந்தார். முதலில் விறகு அடுக்கக் கற்றார். பிறகு ஈஸ்ட் பொங்குவதற்குக் காத்திருக்கக் கற்றார். காத்திருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. மூன்று வாரத்தில், வீட்டு ஓவனில் பரங்கிக்காய் கேக் செய்தார். பட்டையும் சுக்கும் பனங்கருப்பட்டியும் போட்டது. மேலே வெடிக்காமல் வழவழவென்று வந்தது.

செபமாலைக்கு ஒரு துண்டு கொண்டுவருவார் என்று நினைத்தால், படம் கொண்டுவந்தார்.

"நல்லாருக்கா?"

"தெரியலையே டீச்சர்," என்றாள் செபமாலை.

முப்பது வருடம் டீச்சர்தான் சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் வைத்தவர். வைக்கோல் ஒரு இழை விலகியிருந்தாலும் அவருக்குத் தெரியும். ஆட்டிடையன் பொம்மை மேல் கை வைத்த பிள்ளைகள் யார் யார் என்று இப்போதும் பெயர் சொல்வார். அந்தக் கை சும்மா இருக்குமா? மேசையிலிருந்து அலங்காரம் இறங்கிக் கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து வாசலுக்குப் போனது.

படிக்கட்டில் ஏழு பரங்கிக்காய்கள் பெரியதிலிருந்து சின்னதாக வரிசையில் உட்கார்ந்தன. பேரி இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, நூலில் கோத்து, முன்கதவில் தோரணமாகக் கட்டினார். அது இரட்டைக் கதவு. சரம் காற்றில் ஆடி இலை உடைந்தது. ஆடாமல் இருக்க, இரண்டு பலகையிலும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். அதன் பிறகு ஓர் இலைகூட ஆடவில்லை. கதவையும் திறக்க முடியவில்லை.

அதனால் என்ன, பின்கதவு இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பின்கதவு வழியாக வந்து, சுவரோரமாக நடந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டீச்சரின் கணவர் பெயர் துரைசிங். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்தவர். முள்ளும் சேறும் பழகிய ஆள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். குளிர் கூடியதும் அதையும் விட்டார். காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்.

"அந்த டீக்கடை பெஞ்சுல ஒரு ஆணி துருத்திக்கிட்டு நிக்குது," என்று டீச்சர் செபமாலையிடம் குறைப்பட்டார். "வேட்டி கிழிஞ்சிருக்கு. அதுலதான் போய் உக்காருறாரு."

"வீட்டுல எங்க உக்காருவாரு?"

"எங்க வேணாலும் உக்காரலாமே. அவரு வீடுதானே?"

செபமாலை ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளினாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. மழை விட்டு, பனிமூட்டம் கொட்டகை வாசல் வரை வந்து நின்ற மத்தியானம். டீச்சர் குடை இல்லாமல் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"திங்கக்கிழமை வத்தலக்குண்டு பஸ்ல போறாராம்."

"எங்க?"

"மலைக்குக் கீழ, அவரு அண்ணன் வீட்டுக்கு. குளிரு ஒத்துக்கலையாம். முப்பத்தோரு வருஷமா ஒத்துக்கிட்ட குளிரு. பையில எல்லாத்தையும் வச்சிட்டாரு. கோடைக்குப் போடுற செருப்பைக்கூட எடுத்து வச்சிட்டாரு."

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழுது பார்த்தவர்கள் அந்த ஊரில் கிடையாது. செபமாலை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அது மரியாதைதான்.

"எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா?" என்றார் டீச்சர். "அவருக்காகத்தானே இவ்வளவும் செஞ்சேன். அவரு போயிட்டா நான் அந்த வீட்டுல என்ன பண்ணுவேன்? சொல்லு. இன்னைக்காவது வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லு."

செபமாலை முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சார் இப்ப வீட்டுலதான் இருக்காரா?"

"பை கட்டிக்கிட்டு இருக்காரு."

"அப்ப போங்க. போய் முன்கதவைத் தட்டுங்க."

"என் வீட்டுக் கதவையா?"

"ஆமா. யாருன்னு கேட்டா சொல்லாதீங்க."

"என்னத்துக்கு?"

செபமாலை அதற்குள் அடுத்த மாவை எடுத்துவிட்டாள்.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரொட்டிக்காரியிடம் போய் யோசனை கேட்டது தன் தப்பு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். பாதி வழியில் திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்றுகூட நின்றார். வேறு யோசனை எதுவும் கையில் இல்லை. அதனால் நடந்தார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் கோபம் சற்று இறங்கியது. பனிமூட்டத்துக்கு நடுவில் அந்தச் சிவப்பு இலைகளும் மஞ்சள் பரங்கிக்காய்களும் அவ்வளவு லட்சணமாக இருந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மலையில் அன்றைக்கு அதைவிட அழகான வாசல் இல்லை. இதை விட்டுவிட்டுப் போக ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வருகிறது என்று டீச்சருக்கு உண்மையாகவே புரியவில்லை.

பரங்கிக்காய்களில் கால் படாமல் படி ஏறினார். இலை இல்லாத இடமாகப் பார்த்துக் கதவைத் தட்டினார்.

"யாரது?"

துரைசிங்கின் குரல். டீச்சர் பேசவில்லை. மறுபடி தட்டினார்.

"சங்கத்துலேர்ந்து வர்றீங்களா? சுத்திப் பின்பக்கமா வாங்க. இந்தக் கதவைத் திறக்கிறதில்ல."

குரலில் எரிச்சல் இல்லை. பல தடவை சொல்லிப் பழகிய குரல்.

"செருப்பைக் குழாய்கிட்ட விட்டுருங்க. உள்ள வந்தா சுவரோரமா நடங்க. மேசை விரிப்புல கை பட வேண்டாம். நாற்காலியை இழுத்தா இலை கலைஞ்சிரும், நின்னே பாத்துக்கோங்க. கேக்கு வெட்டுறதுக்கு இல்ல. பாக்கத்தான்."

எல்லாம் டீச்சர் சொன்னவைதான். ஒவ்வொன்றும், அதே வரிசையில். முப்பத்தைந்து வருட ஆசிரியை வேலையில் ஒரு பிள்ளைகூட அவர் சொன்னதை இவ்வளவு பிழையில்லாமல் ஒப்பித்ததில்லை.

தன் குரலை வெளியே நின்று கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் கை மூன்றாவது தடவையும் தட்டிவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் துரைசிங் நிற்பது தெரிந்தது. நெஞ்சுச்சளி இழுக்கும் சத்தம் கேட்டது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னது பொய் இல்லை போலிருக்கிறது. துவைக்கிற கல்லின் குளிர்.

"பின்னால வர சங்கடமா இருந்தா, அப்புறமா வாங்களேன்," என்றார் துரைசிங். "இப்ப வீட்டுல யாரும் இல்லீங்க."

டீச்சர் கதவின் மேல் கையை வைத்தார். காய்ந்த இலை ஒன்று விரலுக்குக் கீழே நொறுங்கியது.

"நான்தாங்க," என்றார். "திறங்க."

"கனகமா?"

"ஆமா."

"பின்னால வாயேன். இதைத் திறந்தா இலை எல்லாம் கொட்டிரும்."

"கொட்டட்டும்," என்றார் டீச்சர்.