நொச்சிமலையில் மப்பு

சிரிப்பு கடைசியில்தான் வரும். நடுவில் யாராவது இளித்தால் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், சொல்லிவிட்டேன்.

நொச்சிமலை உச்சியில் அரசர் விக்கிரமகேது ஒரு விண்மீன் மேடை கட்டினார். அங்கே பெரிய பித்தளைக் கருவி வைக்க ஆசை.

"முதலில் அங்கே வானம் எப்படி என்று பார்ப்போம் மன்னா" என்றான் சபையின் வாய்த்துடுக்கன் அம்பலக்கூத்தன். "வானம் மாமியார் மாதிரி. பல வருஷம் பழகினால்தான் குணம் தெரியும்."

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் மேடையேறுவான். விண்மீன்கள் கண்ணுக்குத் தெரிந்தால் "தெளிவு!" தெரியாவிட்டால் "மப்பு!" ஒரே சொல்தான். காவலர்கள் ஆள் மாற்றி ஆள் கத்தி அதை அரண்மனைக்குக் கொண்டுவருவார்கள். வருஷங்கள் ஓடின.

தளவாய் மாடப்பருக்குப் பொறுக்கவில்லை. தவிலுக்குள் தவளை புகுந்த குரல் அவருக்கு. "மன்னா! கூத்தன் தெளிவுன்னு கத்துறதெல்லாம் புளுகு. அங்கே எப்பவும் மேகந்தான். மேடையை இடிச்சு எனக்கொரு மாளிகை கட்டிக்குடுங்க!"

"ஒரு மாதம் நீரே பாரும். தினமும் மப்பு என்றால் இடம் உமக்கு" என்றார் அரசர்.

கூத்தன் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷப் பார்வையும் அம்போவா?

தளவாய் மலையேறினார். பின்னாலேயே கழுதைகள், கழுதைமேல் பானைகள்.

"என்னங்கய்யா அது?" என்றான் காவலன்.

"குளிருக்குக் கஷாயம்டா!"

கஷாயம் நுரைத்தது. ஈ வேறு மொய்த்தது.

தினமும் மலையிலிருந்து வந்தது ஒரே சொல்: "மப்பு!" போகப் போக, "மப்ப்ப்பூவ்..."

மாதம் முடிந்தது. சபையில் அரசர் கண் சிவந்திருந்தது. "பௌர்ணமியன்று நிலா வெளிச்சத்தில் தேர் பார்த்தேன். மலைமேல் பொட்டு மேகம் இல்லை. அன்றும் மப்பா? என்னிடமே பொய்யா?"

தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

கூத்தன் எழுந்தான். "பாவம் மன்னா, அவர் பொய்யே சொல்லவில்லை. 'மப்பு' என்றுதானே கத்தினார்? 'வானம்' என்று கத்தினாரா?"

தளவாய் தாவிப் பிடித்துக்கொண்டார். "அதானே! கூத்தா, நீ நல்லாயிருப்பே! வானம்னு நான் சொன்னேனா? சத்தியமா மன்னா, தினமும் மப்புதான். பௌர்ணமிக்குக் கொஞ்சம் கூடுதலாவே மப்பு!"

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் சிம்மாசனத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கூத்தா, மேடையும் உனக்கே, பித்தளைக் கருவியும் உனக்கே! யாரங்கே, தளவாய்க்கு மோர் கொண்டுவா!"

தப்பித்தோம் என்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் தளவாய்தான். செம்பு கைக்கு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மோர் எதுக்கு? எனக்கென்ன மப்..."

வாய் அப்படியே நின்றது.