எதிர் நாற்காலி

"கூட வர ஆள் இல்லை, டீச்சர். நான் போகலை," என்றார் கனகசபாபதி.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓவியம் கற்றுத்தந்த நிறைமதி அவரில் பாதி வயதுக்காரி. மனைவி போன பிறகு அவர் தனியாக வந்துபோகிற ஒரே இடம் அவளுடைய வகுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓவிய அருங்காட்சியகத்தில் பொதுமக்களுக்கான விழா. அனுமதி இலவசம். மாணவர்கள் எல்லோரையும் போகச் சொல்லியிருந்தாள்.

"குடும்பம் குடும்பமா வருவாங்க. நான் மட்டும் ஒண்டியா நின்னா நல்லாவா இருக்கும்?"

"யாருக்கு?" என்றாள் நிறைமதி.

"நீங்களாவது வர்றீங்களா?"

"இல்லை."

தூரிகைகளைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகவே விழாவுக்குப் போனார்.

கூடத்தில் நாற்காலிகளை எதிரெதிராக, இரண்டிரண்டாகப் போட்டிருந்தார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தை வரைய வேண்டும்.

"உங்க கூட வந்தவங்க எங்கே, சார்?" என்று கேட்டாள் நிகழ்ச்சியை நடத்திய பெண்.

"நான் மட்டும்தான்."

"உட்காருங்க. இன்னொருத்தர் தனியா வராமலா போயிடுவார்?"

யாரும் வரவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் வரையத் தொடங்கினார்கள். அவர் எதிரில் வெறும் நாற்காலி. காது சுட்டது. ஏதோ அழைப்பு வந்ததுபோல் கைபேசியை எடுத்துப் பார்த்தார். எழுந்து போய்விடலாம் என்று நிமிர்ந்தார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் எதிரில் இருந்த ஒரு முகத்திலேயே கண்ணாக இருந்தார்.

ஒரு கணவன் மனைவியின் மூக்கை வரைந்துவிட்டு, அதை அவளிடம் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு சிறுமி நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தாள். அவள் அம்மா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் சண்டை போட்டுக்கொண்டு வந்த இரண்டு தோழிகள், வேறு வழியில்லாமல் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்தார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டார்கள்.

கனகசபாபதி கைபேசியைப் பையில் போட்டார். தாளை அகலவாக்கில் திருப்பினார்.

கை தயங்கவே இல்லை.

படங்களைச் சுவரில் மாட்டியபோது, கூட்டம் அவர் படத்தின் முன்னால் சேர்ந்தது. கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் அதில் இருந்தன.

"இது நாமதானே?"

"அங்கே பார், அம்மா!"

மூக்கு வரைந்தவனின் மனைவி அவரைத் தேடி வந்தாள். "அடுத்த மாசமும் நடக்குதாம், ஐயா. எங்க கூட வாங்க. உங்க எதிர்ல நான் உட்கார்றேன்."

செவ்வாய்க்கிழமை வகுப்பில் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"படம் எங்கே?" என்றாள் நிறைமதி.

"அவங்க எல்லாரும் கேட்டாங்க. அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

"அடுத்த மாசம் அவங்க கூடவே போங்க," என்றாள். "ஆனா தனியா உட்காருங்க. எதிர் நாற்காலி காலியாவே இருக்கட்டும்."

"அதைத்தான் டீச்சர், எதிர்ல உட்கார்றேன்னு சொன்ன அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டு வந்தேன்," என்றார் கனகசபாபதி.