மதகூர்ச் சுவரில் ஒரு ஜோடிக் கதவு

முன்னொரு காலத்தில் மதகூரைத் தலைநகராகக் கொண்டு மணிமாற ராஜா ஆண்டுவந்தார். நாடு சின்னது, மீசை பெரியது. காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார்.

சந்தைச் சுவர் முழுக்க ஊரின் கதையை வரையவேண்டும் என்று ஒருநாள் அவருக்கு ஆசை வந்தது. வேலை ஓவியக்காரி பவளாயியிடம் வந்தது. ஊர் பிறந்தது, கோயில் எழும்பியது எல்லாம் வரைந்துவிட்டாள். மிச்சம், மூன்று வருஷத்துக்கு முன் ஏரி உடைத்துக்கொண்ட கதை.

"உடைப்பை நான் அடைத்ததாக வரை," என்றார் ராஜா.

"பக்கத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நான்," என்றார் தளவாய் சிங்கபூபதி. ராஜா வேறு யாரைக் கவனித்தாலும் இவருக்கு வயிறு எரியும். "தவறினால் இவள் கட்டைவிரலை எடுத்துவிடலாம், மகாராஜா."

"ஆகட்டும்," என்றார் ராஜா, வெற்றிலை மென்றபடி.

பவளாயிக்குச் சோறு இறங்கவில்லை. விரல் போனால் தூரிகை பிடிக்க முடியாது. பொய்யை வரைந்தாலோ, அன்று மண் சுமந்தவர்கள் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்று நாள் யோசித்துவிட்டு, திரை கட்டிக்கொண்டு வரைந்தாள்.

திரை விலகியபோது ஊரே கூடியிருந்தது. சுவரில் ஏரிக்கரை, ஓரமாய் ஒரு புளியமரம், மண்கூடையோடு ஜனங்கள். உடைப்பை அடைத்துக்கொண்டு சிங்கமுகம் செதுக்கிய ஒரு ஜோடிக் கதவு.

"நான் எங்கே?" என்று மீசையை முறுக்கினார் ராஜா.

"மகாராஜா, உயிரோடு இருப்பவரை வரைவதென்றால், அவர் செய்ததைச் சுவர் முன்னால் நின்று சொல்லவேண்டும். அது நம் ஊர் வழக்கம். மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்."

தளவாய் முண்டியடித்து வந்தார். "நான் சொல்கிறேன்! கொட்டும் மழை. உடைப்பின் வாயிலேயே நின்றேன். இதோ, இந்த இடத்தில், இந்தக் கதவுக்கு..." கண்கள் விரிந்தன. "அட பாவிகளா! இது என் வீட்டுக் கதவு! மூன்று வருஷமாகத் திருடனைத் தேடுகிறேன்! எவன் கழற்றினான்?"

ஊரே கை தூக்கியது.

"பக்கத்திலேயே நின்றீர்களே, ஐயா, பார்க்கவில்லையா?" என்றாள் பவளாயி.

"பரண் மேலே இருந்தால் எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டு, தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோது எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

"நான் அந்தப் புளியமரத்தில் இருந்தேன்."

"நீங்கள் மேலேயிருந்து போட்ட கூச்சலில்தான் உடைப்பு எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரிந்தது, மகாராஜா. உங்களுக்காக ஒரு கிளையைக் காலியாக விட்டிருக்கிறேன்," என்றாள் பவளாயி.

"கிரீடத்தோடு வரை."

"அது தண்ணீரில் விழுந்துவிட்டதே."

ராஜா பெருமூச்சு விட்டார். "வாயையாவது கொஞ்சம் சின்னதாக வரை." கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "இந்த விரலை எவன் தொட்டாலும் அவன் விரல் போகும்."

"அப்போ நான்?" என்றார் தளவாய், ஈனக்குரலில்.

"உங்கள் வீட்டிலிருந்து அன்றைக்கு வந்தது கதவுதான், ஐயா," என்றாள் பவளாயி. "அதை வரைந்துவிட்டேன்."