திவான் கொடுத்த ஆரம்

ஆரம் என்றால் கழுத்தில் தொங்குவது என்று நாட்டில் பலரும் நம்புகிறார்கள். இந்தக் கொடிய பிழையைத் திருத்துவதற்கென்றே அல்லிப்பாளையம் அரண்மனையில் ஒரு திவான் இருந்தார்.

அரண்மனையின் வட்டமான பூந்தோட்டத்துக்கு வேலி போட வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றும் நாகாயியைத் திவான் கூப்பிட்டார். "சுற்றி நடக்காமல் சுற்றளவைச் சொல். சொன்னால் ஓர் ஆரம் பரிசு. தப்பாய்ச் சொன்னால் வேலை போச்சு!"

தோட்டத்தின் நட்டநடுவே குறுக்காக ஓடிய பாதையை நாகாயி கயிற்றால் அளந்தாள். "இந்த விட்டத்தைப்போல மூணு மடங்கு, மேலே ஏழில் ஒரு பங்கு, சாமி."

வேலி கச்சிதமாகப் பொருந்தியது. "ஆரத்தைக் கொடும்" என்றார் ராஜா.

திவான் தோட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை கோடு கிழித்தார். "விட்டத்தில் பாதி. இதுதானம்மா ஆரம்! எடுத்துக்கொண்டு போ."

சபை சிரித்தது.

"எந்தப் பக்கம் திருப்பினாலும் இது ஆரந்தானே, சாமி?"

"சந்தேகமென்ன? எந்தப் பக்கமும் ஆரந்தான்!"

நாகாயி விட்டத்தை அளந்த கயிற்றைப் பாதியாக மடித்தாள். ஒரு நுனியை மையத்தில் முளையடித்துக் கட்டி, மறுநுனியைப் பிடித்தபடி வேலியோரமாக ஒரு சுற்று வந்தாள். "என் ஆரம் போன இடமெல்லாம் என்னுது, மகாராசா."

ராஜா தலையசைத்துவிட்டார். திவான் அவசரமாகத் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினார். "இந்தா, ஆரம்!"

"அது கழுத்துல போடுறதாச்சே, சாமி. ஆரம் ஆகுமா?"

இப்போது திவான் பூஜைக்கு வேண்டிய பூவை நாகாயியிடம் விலைக்கு வாங்குகிறார்.