தேயாத டயர்

எங்கள் மிளகுத் தோட்ட முதலாளி வையாபுரிக்குத் தெரியாதது எதுவுமில்லை. கொல்லிமலைச் சேற்றில் ஓடும் பிக்கப்புக்கு டயர் வாங்க, டிரைவரான என்னையும் நாமக்கல்லுக்கு அழைத்துப் போனார்.

"சேத்துல வழுக்கக் கூடாது, தார் ரோட்டுல இரையக் கூடாது, தேயவே கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?" என்று டயர் கடையில் கேட்டார்.

ஒரு மணி நேரமாகக் கடைக்காரர் எதைக் காட்டினாலும் முதலாளி குறை சொன்னார்.

"இருக்குங்க முதலாளி," என்றேன். "நம்ம வண்டியில ஓடாம சும்மா கிடக்குற ஸ்டெப்னி."

கடையே சிரித்தது. அவர் டயர் வாங்காமலே எழுந்தார். என்னிடமிருந்த வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவரே ஓட்டிப் போய், தேய்ந்த டயர் வழுக்கி, வண்டியோடு பள்ளத்தில் உருண்டார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முனகினார்: "நீ சொன்னது சரிதான்டா. ஸ்டெப்னிக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை."

சேற்றுக்கும் தாருக்கும் ஒத்துவரும் டயர் ஒன்று அன்றைக்குக் கடையில் என் முழங்கையில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்டாமல் வாயைக் காட்டினேன்.